பேய்க்கதைக்கு நூலகத்தின் உள்ளே போங்கள்

ஒக்ரோபர் வந்தால், மாதக் கடைசியில் வரும் பேய்க் கொண்டாட்டமான ஹாலோவீனுக்காக, ரொறன்ரோவில் நூலகத்துக்குள் நுழைந்ததும் ஒரு மேசையில் பூசணிக்காய் அலங்காரமும் பேய்ப் புத்தகங்களும் இருக்கும். பிள்ளைகளுக்கு அது போதும். பெரியவர்கள் அந்த மேசையோடு திரும்பிவிடக் கூடாது என்பது என் கட்சி. உள்ளே போய்ப் பழைய இறாக்கைகளைத் துழாவுங்கள். நல்ல பேய்க்கதைகளில் சில நூலகத்திலேயே கருக்கொண்டவை.

டிராகுலாவையே எடுங்கள். 1890 கோடையில் அந்த நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் விட்பி என்ற இங்கிலாந்துக் கடலோர ஊரில் தங்கியிருந்தார். இன்றைய ருமேனியாப் பக்கத்து வலாக்கியா, மொல்டாவியா பற்றி 1820இல் வெளியான ஒரு புத்தகம் அங்குள்ள நூலகத்தில் அவர் கைக்கு வந்தது. டிராகுலா என்ற பெயரை அவர் குறித்துக்கொண்டது அதிலிருந்துதான். லண்டன் நூலகத்திலும் அவர் உறுப்பினர். அவருடைய குறிப்புகளோடு ஒத்துப்போகும் வரிகளின் ஓரத்தில் கோடும் குறியும் போட்ட புத்தகங்கள் அந்த நூலகத்தின் இறாக்கைகளில் இருப்பது 2018இல் வெளியே தெரியவந்தது. நூலகப் புத்தகத்தில் கிறுக்குவது தப்புத்தான், ஆனால் இந்த ஒருவரை நான் மன்னித்துவிட்டேன். படம் பார்த்துவிட்டுக் கதை தெரியும் என்பவர்கள் முதல் நான்கு அத்தியாயங்களை மட்டுமாவது படியுங்கள். முகம் மழிக்கும் கண்ணாடியில் டிராகுலாக் கோமகனின் உருவம் விழாத அந்தக் காலை எந்தப் படத்திலும் இவ்வளவு அமைதியாக வரவில்லை.

அடுத்து எம். ஆர். ஜேம்ஸ். என் முதல் சிபாரிசு உண்மையில் இவர்தான். கேம்பிரிட்ஜில் பழைய கையெழுத்துப் பிரதிகளுக்கு விவரப் பட்டியல் தயாரித்த அறிஞர். நத்தார் காலத்தில் நண்பர்களைக் கூட்டி வைத்துத் தன் கதைகளை வாசித்துக் காட்டுவார். முதல் தொகுப்பு 1904இல் வந்தது. ஒரு கதையில், பிரிட்டிஷ் மியூசியத்தில் கையெழுத்துப் பிரதி படித்துக்கொண்டிருப்பவரிடம், கீழே விழுந்த தாள்களை எடுத்துக் கொடுப்பதுபோல ஒருவர் சாபம் எழுதிய துண்டைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார். இன்னொன்றில் படுக்கை விரிப்பு எழுந்து நிற்கும். பேயை அவர் அரைகுறையாகத்தான் காட்டுவார், மீதியை நம் மனசு பார்த்துக்கொள்ளும். சத்தமாக வாசியுங்கள், வீட்டில் யாராவது கேட்க இருந்தால் இன்னும் நல்லது.

நாவல் வேண்டுமென்றால் ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய ஹில் ஹவுஸ் கதை. பேய் வீட்டில் இருக்கிறதா, அங்கே தங்க வரும் எலினரின் மனதில் இருக்கிறதா என்று கடைசிவரை சொல்லவே மாட்டார்.

சரி, தமிழில்? ஸ்காபரோப் பக்கத்துக் கிளைகளில் தமிழ்ப் பகுதி இருக்கிறது. புதுமைப்பித்தன் தொகுப்பைக் கேட்டு வாங்கி 'காஞ்சனை'யைப் படியுங்கள். தூக்கம் வராத ஓர் எழுத்தாளர், ராத்திரியில் எங்கிருந்தோ வரும் வாடை, மனைவி இரக்கப்பட்டு வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும் ஒரு பிச்சைக்காரி, அவ்வளவுதான். அந்தப் பெண் யார் என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியாது. ஜேம்ஸுக்குப் பக்கத்தில் தயங்காமல் வைக்கலாம். ஒக்ரோபர் மேசையில் இதுவும் ஏற வேண்டும். நூலகரிடம் நாமே கேட்டால் என்ன?

நகரின் நடுவில் இருப்பவர்களுக்குக் காலேஜ் வீதியில் லிலியன் எச். சிமித் கிளை இருக்கிறது. 1970இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஜூடித் மெரில் கொடுத்த புத்தகங்களோடு தொடங்கிய அறிவியல் புனைகதை, திகில் சேகரிப்பு அங்கேதான். ஒரு பின்னேரம் ஒதுக்கி அங்கேயே இருந்து படியுங்கள். மற்றவற்றுக்கு இன்றைக்கே முன்பதிவு செய்துவிடுங்கள், 31ஆம் திகதி நெருங்க நெருங்க வரிசை நீளும்.