வேதியியல் வாய்பாட்டை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்

உயர்நிலை மூன்றில் வேதியியல் எடுக்கும் பிள்ளைகள் ஜூன் விடுமுறை நெருங்கும்போது ஒரே குறையோடு வருகிறார்கள்: மோல் கணக்கு, அதாவது பொருளின் நிறையை அதிலுள்ள துகள்களின் எண்ணிக்கையோடு இணைக்கும் கணக்கு, வரவில்லை. சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் தொண்டூழியராகப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நான், அவர்களிடம் மோல் கணக்கை உடனே கேட்பதில்லை. கால்சியம் ஹைட்ராக்சைடின் வாய்பாட்டை எழுதச் சொல்கிறேன். Ca(OH)₂ என்று வரவேண்டியதில் பலர் அடைப்புக்குறியை விட்டுவிடுகிறார்கள். கால்சியம் ஒன்று, ஹைட்ராக்சைடு இரண்டு என்று இருக்கவேண்டியது, கால்சியம் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு என்று ஆகிவிடுகிறது. மோலார் நிறை (ஒரு மோலின் நிறை, கிராமில்) 74 வரவேண்டிய இடத்தில் 58 வருகிறது. அதன் பிறகு பெருக்கலும் வகுத்தலும் எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன பயன்? அந்தப் பிள்ளைக்குக் கணக்கு நன்றாகவே வரும். பெயரிலிருந்து வாய்பாட்டுக்குப் போகும் வழியை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நம் ஊரில் பழகிப்போன தீர்வு ஒரு நகல் தாள். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் வாய்பாடு, வரிசையாக ஐம்பது அறுபது சேர்மங்கள். அடுத்த வாரம் எழுதிக்காட்ட வேண்டும். சில துணைப்பாட வகுப்புகளில் இதற்கென்றே தனிச் சோதனை நடக்கிறது. எம்ஆர்டி ரயிலில் இந்தத் தாளை வைத்துக்கொண்டு உதடசைத்து உருப்போடும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் மீது அல்ல, அந்தத் தாளின் மீது. அதே உழைப்பில் பாதியைச் சரியான இடத்தில் செலவிட்டால், அந்தத் தாளில் இல்லாத சேர்மத்துக்கும் அவர்களே வாய்பாடு எழுதிவிடுவார்கள். தேர்வில் முன்பின் பார்த்திராத சேர்மங்கள் வரத்தான் செய்யும். அன்றைக்கு அறுபது வரித் தாள் கைகொடுக்காது.

வேதிப்பெயர்களின் அடியில் மிகச் சிக்கனமான ஒரு ஒழுங்கு இருக்கிறது. நாமே கண்டுபிடித்துக்கொள்ள முடிவதைப் பெயர் சொல்லாது. கண்டுபிடிக்க முடியாததை மட்டும் சொல்லும்.

கால்சியம் குளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். கால்சியம் தனிம அட்டவணையின் இரண்டாம் குழுவில் இருக்கிறது. அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்து இரண்டு நேர்மின்சுமையோடு நிற்கும். குளோரின் ஒரே ஒரு எலக்ட்ரானை ஏற்கும். மின்சுமைகள் சரிக்குச் சரியாக வேண்டுமானால் ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரைடு தேவை. இதற்கு வேறு விடையே கிடையாது. அதனால்தான் அதைக் கால்சியம் டைகுளோரைடு என்று யாரும் சொல்வதில்லை. கார்பன் டையாக்சைடில் மட்டும் ஏன் இரண்டு என்று பொருள்படும் அந்த 'டை' வருகிறது? ஏனென்றால் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து மோனாக்சைடாகவும் அமையும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேரும் விதங்கள் அதைவிட அதிகம். இரண்டு நைட்ரஜனுக்கு ஒரு ஆக்சிஜன் என்றால் பல் மருத்துவர்கள் வலி தெரியாமலிருக்கக் கொடுக்கும் சிரிப்பு வாயு. ஒரு நைட்ரஜனுக்கு இரண்டு ஆக்சிஜன் என்றால் செம்பழுப்பு நிறத்தில் எழும் நச்சு வாயு. இங்கே எண்ணிக்கையைப் பெயர் சொல்லியே ஆகவேண்டும்.

இரும்பு, செம்பு போன்றவற்றின் கதை வேறு. இரும்பு இரண்டு மின்சுமையோடும் வரும், மூன்றோடும் வரும். எது என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே பெயருக்குள் ஒரு ரோமன் எண்ணை வைக்கிறோம். ஆல்ஃபிரட் ஸ்டாக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1919இல் முன்வைத்த முறை இது. சோதனைக்கூடத்தில் அந்த எண்ணின் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். இரும்பு(2) கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டினால் பச்சை வீழ்படிவு (கரையாமல் பிரியும் திடப்பொருள்), இரும்பு(3) என்றால் செம்பழுப்பு வீழ்படிவு. செய்முறைத் தேர்வுக்காக இதைத் தனியாகவும், பெயரிடலைத் தனியாகவும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். இரண்டும் ஒரே செய்தி என்று சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். (ரோமன் எண்ணை இங்கே சாதாரண எண்ணாக எழுதியிருக்கிறேன். தேர்வில் ரோமன் எண்ணாகவே எழுதவேண்டும்.)

நான் அதிகம் திருத்தும் பிழையும் இங்கேதான் பிறக்கிறது. செம்பு(2) ஆக்சைடு என்று கேட்டால், அந்த 2 செம்பின் எண்ணிக்கை என்று எண்ணி, இரண்டு செம்பு, ஒரு ஆக்சிஜன் என்று எழுதுகிறார்கள். அப்படி ஒரு சேர்மம் உண்மையிலேயே இருக்கிறது! ஆனால் அது செம்பு(1) ஆக்சைடு. கேட்டது கறுப்புத் தூள், எழுதியது சிவப்புத் தூள். ரோமன் எண் மின்சுமையைச் சொல்கிறது, கீழே எழுதும் சிறிய எண் எத்தனை அணுக்கள் என்பதைச் சொல்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் பதிக்காமல் அடுத்த பாடத்துக்குப் போகவே கூடாது என்பேன்.

மின்சுமை எண்களைக் குறுக்கே இடம் மாற்றிக் கீழே எழுதும் குறுக்குவழியைப் பற்றியும் சொல்லவேண்டும். வேகமாக விடை வரும் என்பது உண்மைதான். அலுமினியத்துக்கு மூன்று, சல்பேட்டுக்கு இரண்டு. குறுக்கே மாற்றினால் இரண்டு அலுமினியம், மூன்று சல்பேட். சரியான விடை. ஆனால் மக்னீசியம் ஆக்சைடுக்கு அதே வழியில் போகும் பிள்ளை இரண்டு மக்னீசியம், இரண்டு ஆக்சிஜன் என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறது. சுருக்க வேண்டும் என்று சொன்னால், ஏன் சுருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த வழியில் பதில் இல்லை. ஆறு நேர்மின்சுமைக்கு ஆறு எதிர்மின்சுமை, இரண்டுக்கு இரண்டு என்று கூட்டிப் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு இந்தக் குழப்பமே வராது. குறுக்குவழியை ஆறு மாதம் கழித்துச் சொல்லிக்கொடுங்கள். முதல் வகுப்பிலேயே கொடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

மனப்பாடமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சில அயனிகளை, அதாவது மின்சுமை கொண்ட துகள்களை, அப்படியே நினைவில் வைத்துத்தான் ஆகவேண்டும். அம்மோனியம், ஹைட்ராக்சைடு, நைட்ரேட், கார்பனேட், ஹைட்ரஜன் கார்பனேட், சல்பேட், பாஸ்பேட். சல்பேட்டில் ஆக்சிஜன் நான்கு, நைட்ரேட்டில் மூன்று என்பதைப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. சல்பைட்டில் சல்பேட்டைவிட ஆக்சிஜன் குறைவு என்ற அளவுக்குத்தான் பெயர் உதவும். சல்பைடில் ஆக்சிஜனே இல்லை. வெள்ளியின் மின்சுமை ஒன்று, துத்தநாகத்தின் மின்சுமை இரண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை ஒரு சிறு அட்டையில் அடங்கிவிடும். அந்த அட்டையை வைத்து நூற்றுக்கணக்கான வாய்பாடுகளை எழுதலாம். அம்மோனியாவையும் அம்மோனியத்தையும் ஒன்றென்று நினைக்கும் பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். முன்னது வாயுவாக இருக்கும் ஒரு மூலக்கூறு, பின்னது உப்புக்குள் இருக்கும் நேரயனி. குளோரினும் குளோரைடும் அதே போலத்தான். முதல் உலகப்போரின்போது, 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் படைவீரர்களைக் கொன்றது குளோரின் வாயு. நம் சாம்பாரில் இருக்கும் உப்பு சோடியம் குளோரைடு. ஓர் எழுத்து தவறினால் ஒரு மதிப்பெண் போகட்டும், பொருளே மாறிவிடுகிறது என்பதைப் பிள்ளைகள் உணரவேண்டும்.

இந்த ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். 1787இல் பாரிஸில் கய்ட்டன் த மோர்வோ, லவாசியே, பெர்தொலே, ஃபூர்குருவா ஆகிய நால்வரும் பெயரிடலுக்கு ஒரு முறை வகுத்தார்கள். அதற்கு முன் ஈய அசிட்டேட்டுக்கு 'ஈயச் சர்க்கரை' என்று பெயர். இனிக்கும் என்பது உண்மை, நஞ்சு என்பதை அந்தப் பெயர் சொல்லாது. நம் சித்த மருத்துவத்திலும் பூரம், வீரம் என்று இரண்டு உண்டு. இரண்டும் பாதரசமும் குளோரினும் சேர்ந்தவை. பூரத்தில் ஒரு பாதரசத்துக்கு ஒரு குளோரின், வீரத்தில் ஒரு பாதரசத்துக்கு இரண்டு. வீரம் கொடிய நஞ்சு. இரண்டும் நெருங்கிய உறவு என்பதோ, எங்கே வேறுபடுகின்றன என்பதோ அந்தப் பழைய பெயர்களில் தெரியாது. பாதரச(1) குளோரைடு, பாதரச(2) குளோரைடு என்றதும் இரண்டும் தெரிந்துவிடுகின்றன. பூரத்தின் வாய்பாட்டை இரண்டு பாதரசம், இரண்டு குளோரின் என்றே எழுதுவார்கள், சுருக்கமாட்டார்கள். இரண்டு பாதரச அணுக்கள் இணைந்தே ஓர் அயனியாக நிற்பதுதான் காரணம். இது உயர்நிலை மூன்றுக்குத் தேவையில்லை. ஆனால் ஆர்வமுள்ள பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள், கண்கள் விரியும்.

கடைசியாகப் பெற்றோருக்கு. ஜூரோங் தீவின் ரசாயன ஆலையில் வேலை செய்யும் அப்பா எத்திலீன் என்பார், பிள்ளையின் புத்தகத்தில் ஈத்தீன் என்றிருக்கும். இரண்டும் ஒன்றுதான்: இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன். ஆலையில் பழைய பெயர் நிலைத்துவிட்டது, தேர்வில் புத்தகப் பெயரை எழுதவேண்டும். அப்பாவுக்குத் தெரிந்தது தவறு என்று பிள்ளை நினைக்கும்படி விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் தமிழ்வழியில் படித்து வந்த பெற்றோர் பலர், பிள்ளை ஆங்கிலத்தில் படிப்பதால் தங்களால் உதவ முடியாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இணைதிறனும் அயனியும் உங்களுக்குத் தெரியும். மின்சுமையைக் கூட்டிப் பார்ப்பதற்கு மொழி தடையே இல்லை.

இன்று இரவு சாப்பாட்டு மேசையில் தமிழிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: இரும்பு குளோரைடுக்கு ரோமன் எண் வேண்டும், துத்தநாகக் குளோரைடுக்கு ஏன் வேண்டாம்? துத்தநாகத்தின் மின்சுமை எப்போதும் இரண்டுதான், அதனால் சொல்லத் தேவையில்லை என்று பிள்ளை சொல்லிவிட்டால் அந்த அறுபது வரித் தாளைத் தூக்கிப் போட்டுவிடலாம். சொல்லத் தெரியவில்லை என்றால் தனிம அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் குழுவிலிருந்து இருவருமாகத் தொடங்குங்கள்.