வில்லன் வீட்டுச் சாப்பாடு

(ஞாயிறு மத்தியானம். டிவியில் 'எங்க வீட்டுப் பிள்ளை'. எம்.ஜி.ஆர். மாடிப்படியில் ஏறியும் இறங்கியும் சாட்டையைச் சொடுக்குகிறார். சோபாவில் சபாபதி. தரையில் முறத்தோடு மங்களம், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார்.)

சபாபதி: போடு! இன்னும் ஒண்ணு போடு! அந்த நம்பியாருக்கு இதெல்லாம் பத்தாது!

மங்களம்: அடி வாங்குறவர் யாருன்னு தெரிஞ்சுதான் கை தட்டுறீங்களா? குடி கிடையாது, சிகரெட் கிடையாது, சுத்த சைவம்.

சபாபதி: யாரு, இவரா? முழியைப் பார்த்தாலே மூணு கொலை பண்ணிட்டு நாலாவதுக்கு ஆள் தேடுற மாதிரி இருக்கு.

மங்களம்: முழி அப்படி. ஆள் குருசாமி. அறுபது தடவைக்கு மேலே சபரிமலை ஏறினவர். ரஜினி, கன்னட ராஜ்குமார் எல்லாம் அவரோட மலைக்குப் போனவங்கதான். நீங்களும் பழனிக்குப் போனீங்க, ஒரே ஒரு தடவை. அதுவும் விஞ்ச்சில்.

சபாபதி: முட்டி வலி இருந்தது. சரி, ஷூட்டிங்ல மத்தவங்க பிரியாணி சாப்பிடும்போது இவர் என்ன பண்ணுவாராம்?

மங்களம்: வெளியூர்ப் படப்பிடிப்புக்கும் மனைவி ருக்மணி அம்மாள் கூடவே போவாங்க. அவங்க கையால சமைச்சாதான் அவருக்குச் சாப்பாடு. நல்லாக் கேட்டுக்கோங்க, பெண்டாட்டி சமையலைத் தவிர வேற எதையும் தொடாத மனுஷன்! இங்கேயும் ஒருத்தர் இருக்கார். ரசம்னு சொன்னாலே செருப்பைத் தேடுறார்.

சபாபதி: நீயே வாயைக் கொடுத்துட்டே! புருஷனுக்காக ஊர் ஊராப் போய்ச் சமைச்சிருக்காங்க அந்த அம்மா. உனக்கு அடுக்களையில இருந்து இந்த சோபா வரைக்கும் ஒரு காபி கொண்டுவர மூச்சு வாங்குது.

மங்களம்: உப்பு சரியில்லைன்னு அவர் தட்டைத் தள்ளியிருந்தா, அந்த அம்மாவும் அன்னைக்கே ரயிலேறி வீட்டுக்கு வந்திருப்பாங்க.

(சபாபதி டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். மங்களம் எழுந்து வந்து குறைக்கிறார்.)

சபாபதி: இவ்வளவு நல்ல மனுஷனுக்கு ஏன் வில்லன் வேஷம்?

மங்களம்: வில்லன் மட்டும் இல்லை. 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்துக்கு அவர்தான் கதாநாயகன். 11 வேஷம்.

சபாபதி: ஒரே படத்துல பதினொண்ணா!

மங்களம்: நீங்க ஒரே நாளில் போடுறதுதானே? கடைக்காரர்கிட்ட கர்ணன், என்கிட்ட கணக்குப்பிள்ளை, எங்க அம்மா போன் பண்ணினா காது கேட்காதவர்...

சபாபதி: வாயைக் கோணி, கையைப் பிசைஞ்சுகிட்டு வருவாரே, அது?

மங்களம்: அது தொழில். சின்னப் பையனா இருக்கும்போதே நவாப் ராஜமாணிக்கம் நாடகக் குழுவில் சேர்ந்தவர். அந்த நவாப் பெரிய ஐயப்ப பக்தர். அவர் போட்ட ஐயப்பன் நாடகத்தைப் பார்த்துத்தான் நம்ம பக்கத்தில் பாதிப் பேருக்குச் சபரிமலையே தெரிய வந்ததுன்னு எங்க அப்பா சொல்வார். நடிப்பும் மாலையும் இவருக்கு ஒரே இடத்தில் கிடைச்சிருக்கு.

சபாபதி: வில்லன் எல்லாருமே இப்படித்தானா? வீரப்பா? அந்தச் சிரிப்பு?

மங்களம்: சிரிச்ச காசில் படம் எடுத்தார். 'ஆலயமணி' அவர் தயாரிச்சதுதான்.

சபாபதி: அசோகன்?

மங்களம்: பி.ஏ.

சபாபதி: (எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர், பேச்சை மாற்றுகிறார்) அப்போ நல்ல முகம் இருக்கிறவனை நம்பவே கூடாதுங்கிறே?

மங்களம்: முகத்துக்கு என்ன, லட்சணமாத்தான் இருக்கு. சட்டைப் பையில் என்ன எண்ணெய்க் கறை?

(சபாபதி பையைப் பொத்துகிறார். காகிதம் சரசரக்கிறது.)

சபாபதி: வாழைக்காய் பஜ்ஜி. காய்கறிதானே...

மங்களம்: டாக்டர் சீட்டில் வாழைக்காய் எந்தப் பக்கம் எழுதியிருக்குன்னு எடுத்துக் காட்டட்டுமா?

சபாபதி: (எழுந்து நின்று) வேண்டாம்! முடிவு பண்ணிட்டேன். கார்த்திகை பிறக்கட்டும், நானும் மாலை போடுறேன். ஒரு மண்டலம். கடைத் தீனியே கிடையாது.

மங்களம்: (முகம் மலர்ந்து) நிஜமாவா?

சபாபதி: சத்தியமா. விடியற்காலை நாலு மணிக்கு நான் பச்சைத் தண்ணியில குளிப்பேன். நீயும் தலைக்குக் குளிச்சிட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கணும். எல்லா வேளையும் வீட்டுச் சமையல். சாயங்காலம் பஜனைக்குப் பத்துப் பதினைந்து சாமிங்க வருவாங்க, சுண்டலும் பொங்கலும் பண்ணிடு. கட்டு கட்டுற அன்னைக்கு அன்னதானம், நூறு பேர்னு வெச்சுக்கோ. நம்பியார் சாமி மாதிரியே வருஷா வருஷம்!

(மங்களம் முறத்தைக் கீழே வைக்கிறார். நீண்ட யோசனை.)

மங்களம்: ஏங்க... அந்த பஜ்ஜிக் கடையில் எண்ணெயை அப்பப்போ மாத்துறானா?

சபாபதி: (மெதுவாகக் கையைப் பிசைந்துகொண்டே) தினமும் மாத்துறான்.

மங்களம்: கையைப் பிசைஞ்சது போதும். எனக்கும் ரெண்டு வாங்கிட்டு வாங்க. தூக்கு கொண்டுபோங்க, அந்தச் சட்டையைத் துவைக்கிறது நான்.