நார்மன் கழற்றிய படம்

ஹிட்ச்காக் இயக்கிய ‘சைக்கோ’ (1960) படத்தைப் பார்த்தவர்களிடம் பேசினால் எல்லோரும் குளியலறைக் கொலைக்குத்தான் போவார்கள். என் மனதில் நிற்பது அதற்குக் கொஞ்சம் முன்னால் வரும் சில நொடிகள். சாலையோர விடுதி நடத்தும் நார்மன் பேட்ஸ் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பழைய ஓவியத்தைக் கழற்றுகிறான். பின்னால் சுவர் பெயர்ந்திருக்கிறது, நடுவில் சின்னத் துளை. அதில் கண்ணை வைக்கிறான். அடுத்த அறையில், அன்றிரவு தங்க வந்த மேரியன் உடை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நண்பர்களோடு இந்தப் படத்தைப் பார்த்தபோது, “ஓட்டையை மறைக்க ஏதோ ஒரு படம், அதுல என்ன இருக்கு?” என்றார் ஓர் அண்ணன். நிறைய இருக்கிறது அண்ணே. படத்தின் முன்னோட்டத்தில் ஹிட்ச்காக்கே அந்த ஓவியத்தைக் காட்டி, இது ரொம்ப முக்கியமானது, ஏனென்றால்... என்று ஆரம்பித்துவிட்டு, காரணத்தைச் சொல்லாமலே அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவார்.

அதில் இருப்பவள் சூசன்னா. கத்தோலிக்க விவிலியத்தில், தானியேல் நூல் 13ஆம் அதிகாரத்தில் அவள் கதை வருகிறது. ஊருக்கே நீதி சொல்லும் முதியவர்கள் இருவர், தோட்டத்தில் ஒளிந்திருந்து, அவள் குளிக்க வரும் நேரம் பார்த்து மடக்குகிறார்கள். இணங்காவிட்டால், ஓர் இளைஞனோடு இருந்தாய் என்று சாட்சி சொல்வோம் என மிரட்டுகிறார்கள். அவள் கூச்சலிடுகிறாள். ஊர் பெரியவர்களைத்தான் நம்புகிறது, அவளுக்கு மரண தண்டனை. தானியேல் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தாய் என்று கேட்க, ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள்.

ஐரோப்பிய ஓவியர்கள் இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். பலருக்கும் தானியேல் தேவைப்படவில்லை, குளிக்கும் பெண் போதும். வியன்னாவில் இருக்கும், இத்தாலிய ஓவியர் தின்தொரேத்தோவின் ஓவியத்தில் சூசன்னா பளபளவென்று கண்ணாடி பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கிழவன் தரையோடு தரையாகக் குனிந்து வேலிக்கு இந்தப் பக்கம் தலையை நீட்டுகிறான். அவனைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். ஆனால் அவளை அவனைவிட நன்றாகப் பார்ப்பது, படத்துக்கு முன்னால் நிற்கும் நாம்தான்.

இதை உடைத்தவள் இத்தாலியப் பெண் ஓவியர் ஆர்தெமீசியா ஜென்டிலெஸ்கி. 1610இல், 17 வயதில் சூசன்னாவை வரைந்தாள். தோட்டமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. வெறும் கல் இருக்கை. அதன் பின்சுவரின் மேல் கவிந்து இரண்டு ஆண்கள் குசுகுசுக்கிறார்கள். சூசன்னா உடம்பை முறுக்கி, முகத்தைத் திருப்பி, இரண்டு கைகளையும் உயர்த்தித் தடுக்கிறாள். அந்தக் கைகளைப் பார்த்தபின் அவள் உடலை ரசிக்க முடியாது. எனக்கு முடியவில்லை.

ஹிட்ச்காக் இரண்டையும் செய்கிறார் என்பேன். முதலில் கேமராவைத் துளையில் வைத்து நம்மையும் நார்மனோடு சேர்த்துப் பார்க்க வைக்கிறார். உடனே திரை நிறைய அவன் கண்ணைப் பக்கவாட்டில் காட்டுகிறார். கொலைக்குப் பிறகு, தரையில் கிடக்கும் மேரியனின் திறந்த கண். துளை வழியாகப் பார்த்தது நாமும்தானே என்ற உறுத்தல் அங்கே வருகிறது. அந்தச் சுவரில் ஒரு கப்பல் படமோ பூங்கொத்தோ தொங்கியிருந்தால் காட்சி இவ்வளவு கனத்திருக்காது. ஒளிந்து பார்ப்பவன், ஒளிந்து பார்ப்பதைப் பற்றிய படத்தைக் கையில் எடுத்து ஓரமாக வைக்கிறான்!

இதைப் பழைய ஓவியம், பழைய படம் என்று தள்ளிவிட முடியவில்லை. இன்று துளைக்குப் பதில் கைப்பேசி. உடை மாற்றும் அறையிலும் நகரும் படிக்கட்டிலும் பெண்களைத் திருட்டுத்தனமாகப் படம் பிடித்தவன் பிடிபட்டான் என்ற செய்தி நம் ஊரில் அடிக்கடி வருகிறது. அப்புறம், ‘வெளியே விட்டுவிடுவேன்’ என்ற மிரட்டல். அந்த முதியவர்கள் பேசிய அதே பேச்சு. அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் வந்ததும் திறந்து பார்த்துவிட்டு, ‘நான் எடுக்கலையே’ என்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. எடுத்தவனுக்குத் தைரியம் தருவதே பார்க்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கைதான்.

அந்த அண்ணனுக்கு ஆர்தெமீசியாவின் ஓவியத்தை அனுப்பியிருக்கிறேன். தின்தொரேத்தோவையும் சேர்த்தே அனுப்பினேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும் என்று. நீங்களும் தேடிப் பாருங்கள். முதலில் சூசன்னாவின் கைகளைப் பாருங்கள்.