பீப் அடித்தால் எர்த் சரி என்று ஆகிவிடாது

இன்ஜின் மாற்றிய காரில் டாஷ்போர்டு மீட்டர் லைட் விட்டுவிட்டு மினுக்கினால், எர்த் வயரில் (இன்ஜினை பாடியோடும் பேட்டரி மைனஸோடும் இணைக்கும் வயர்) மல்டிமீட்டர் வைத்து கன்டினியுட்டி, அதாவது இணைப்பு அறுந்திருக்கிறதா என்று பாருங்கள், பீப் வந்தால் எர்த் சரி, ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போச்சு என்கிறார்கள் சிலர். அப்படி இல்லை. இழைகளால் ஆன அந்த எர்த் வயரில், அதாவது ஸ்ட்ராப்பில், ஓரிரு இழை மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் பீப் அடிக்கும். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அது தாங்காது.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் பிடித்துக்கொண்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில்தான் கோளாறு. கழற்றிய ஸ்ட்ராப்பை பெயின்ட் மேலேயே முடுக்கிவிடுவது ஒர்க்‌ஷாப்புகளில் சகஜம். இன்ஜின் உட்கார்ந்திருப்பதோ ரப்பர் மவுன்ட்டில். கரன்ட் ஒழுங்காகத் திரும்ப வேறு வழி ஏது?

அதுவும் சரியாக இருந்தால், இன்ஜின் ஓடும்போது வயரிங் ஹார்னஸை (வயர் கட்டு) கனெக்டர் கனெக்டராக ஆட்டிப் பாருங்கள். ஈசியூ விலை விசாரிப்பது அப்புறம்.