அந்த ஷீட் எங்கேப்பா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடியறையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். குழுவில் ஆறு பேர்: நால்வர் சென்னை, ஒருவர் ஜெர்மனி, அப்புறம் நான். ஆறு பேருக்கு ஏழு செயலிகள். பேச ஒன்று, முகம் பார்க்க ஒன்று, யார் என்ன செய்கிறார் என்று அட்டை ஒட்ட ஒன்று... மிச்சத்தை நானே மறந்துவிட்டேன். இதெல்லாம் போக வாட்ஸ்அப் குரூப்.

ஒரே ஆவணத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதலாம், யார் எதை மாற்றினார் என்று பழைய பதிப்பையும் பார்க்கலாம். கூகுள் டாக்ஸ் 2006-லேயே வந்தாயிற்று. எங்கள் ஆட்களோ அதை டவுன்லோட் செய்து, திருத்தி, 'ஃபைனல் 2 புதுசு' என்று பெயர் வைத்து மெயிலில் அனுப்புவார்கள். கேட்டால், "அதான் சார் சேஃப்."

நேற்றுக் காலை பத்து மணிக்கு ஒரு ஷீட் அவசரமாக வேண்டும். லிங்கை அழுத்தினால், 'அனுமதி கேளுங்கள்'. கொடுக்க வேண்டியவர் ஜெர்மனிக்காரர். குளிர்காலத்தில் அவருக்கும் நமக்கும் நாலரை மணி நேர இடைவெளி. அங்கே விடியற்காலை ஐந்தரை. மனுஷன் எழுந்து பல் தேய்த்து அனுமதி கொடுக்கும்போது இங்கே சாம்பார் ஆறிவிட்டது.

திறந்து பார்த்தேன். போன மாதக் கணக்கு.

சரியான ஷீட் வாட்ஸ்அப் குரூப்பில், பொங்கல் வாழ்த்துப் படங்களுக்கு நடுவே கிடந்தது.