அந்த ஒரு கட்டம்

அம்பத்தூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்கு நேர்காணலுக்குப் போனபோது, பஸ்ஸிலேயே குனிந்து மெட்டியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். தாலிச் சரடைத் துப்பட்டாவுக்குள் மறைத்தேன். அங்கே ஏற்கெனவே போய்த் திரும்பியிருந்த தோழி சொன்ன யோசனை அது. ஆனால் விண்ணப்பத்தாளில் ‘திருமணமானவரா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. பொய் எழுதக் கை வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் ஐ.டி.ஐ. சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “சொல்லி அனுப்புகிறோம்மா” என்றார். எனக்கு முன்னால் நின்ற தம்பிக்கும் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். அவரை எடுத்துக்கொண்டார்கள்.

கேட்டால், “பிள்ளைப்பேறு என்று ஆறு மாதம் போய்விடுவீர்கள், சம்பளம் யார் கொடுப்பது?” என்பார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறார்கள். அவர்களுக்கு 26 வார மகப்பேறு விடுப்புக்கான பணத்தைக் கொடுப்பது இ.எஸ்.ஐ. கழகம், முதலாளி அல்ல. எனக்குப் பேசிய சம்பளமும் அதற்குள்தான். பிறகு எந்தச் செலவைக் காட்டி என்னைத் திருப்பி அனுப்பினார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. வேலைக்கு எடுப்பதில் பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. மீறினால் அபராதம், இல்லாவிட்டால் மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, இரண்டுமேகூட விதிக்கலாம். அதன் இடத்தில் இப்போது வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பில் முதல் தடவை மீறலுக்குச் சிறையே கிடையாது. அதிகபட்சம் 20,000 ரூபாய் அபராதம். என் வயிறு எரிகிறது.

திருமணம் செய்துகொண்டதற்காக 1988இல் ராணுவச் செவிலியர் பணியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024இல். 36 வருடம். அவர் கையிலாவது பணிநீக்க உத்தரவு இருந்தது. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவள் எந்தக் காகிதத்தைக் காட்டி வழக்குப் போடுவாள்?

காகிதம் அவர்களிடம் இருக்கிறது. தொழிலாளர் துறை அதிகாரிகள் ஒரே ஒரு நாள் போய், ஒரு வருட விண்ணப்பங்களை எடுத்து வைத்து எண்ணட்டும். அந்தக் கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதிய ஆண்கள் எத்தனை பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள், பெண்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பார்க்கட்டும். நீல மையில் நான் எழுதிக்கொடுத்த தாளும் அந்தக் காகிதக் கட்டுக்குள் எங்கேயோ இருக்கும்.