காரின் சத்தத்தை வாயால் செய்து காட்டுகிற மனிதர்கள்

போன கிழமை விசுவமடுவில் ஒரு கராச்சில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அக்கா பழைய ஆல்ட்டோவோடு வந்திருந்தார். "தம்பி, வளைக்கேக்க ஒரு சத்தம் வருது." என்ன மாதிரிச் சத்தம் என்று மெக்கானிக் கேட்டான். அக்கா ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "டக்... டக்... டக்டக்டக்" என்று வாயாலேயே செய்து காட்டினார். "டக் டக்கோ, டொக் டொக்கோ, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ." அக்கா கண்ணை மூடி யோசித்தார். "டக் டக்தான்." நின்ற எல்லோரும் சிரித்துவிட்டோம், அக்காவும்தான். பொனற்றைத் திறக்காமலே அவன் சொன்னான்: "சிவி ஜொயின்ற் அக்கா, முன்சில்லைச் சுத்த வைக்கிற மூட்டு. அதை மூடியிருக்கிற றப்பர் பூட் கிழிஞ்சு கிறீஸ் போயிருக்கும்." குனிந்து பார்த்தால் அப்படியே இருந்தது.

எனக்கு உடனே அமெரிக்காவின் 'கார் ரோக்' நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. ரொம் மக்லியோட்சி, ரே மக்லியோட்சி என்ற அண்ணன் தம்பி நடத்திய வானொலி நிகழ்ச்சி. இருவரும் எம்ஐடி என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். படிப்பை முடித்து கராச் போட்டவர்கள். 1977இல் பொஸ்ரன் நகர வானொலி ஒன்றில் தொடங்கினார்கள், 1987இல் நாடு முழுக்கப் போனது, 2012 வரை புதிய நிகழ்ச்சிகள் வந்தன. ரொம் 2014இல் காலமானார். கனடாவில் இருக்கிற மச்சான் ஒருநாள் இணைப்பு அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து இரவில் கேட்கிறேன்.

சனங்கள் தொலைபேசியில் வந்து அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார்கள். ரொம் வெடித்துச் சிரிப்பார். அப்புறம் இருவரும் கேள்வி மேல் கேள்வி கேட்டு நோயைப் பிடிப்பார்கள். இதை வானொலியில்தான் செய்ய முடியும் என்பது என் துணிபு. வாகனத்தின் பழுது அநேகமாகக் காதுக்குத்தான் முதலில் தெரியும். தொலைக்காட்சியில் காட்டினால் நாங்கள் என்ஜினைப் பார்ப்போம். வானொலியில் அந்த மனிதரைக் கேட்கிறோம். காரில் தொடங்கிய கதை, மனைவி சொன்னதைக் கேட்காமல் வாங்கியதில் போய் முடியும்.

பகிடிக்காக மட்டும் நான் இதைக் கேட்பதில்லை. வாகனம் வைத்திருக்கிற எவருக்கும் ஒரு வெட்கம் இருக்கிறது: தெரியாது என்று சொல்ல வெட்கம். எனக்கும் ஒருமுறை அப்படி நடந்தது. வவுனியாவில் ஒரு கடையில் முன்பக்க சொக்கப்சோபர் இரண்டும் போய்விட்டது என்றார்கள். கேள்வி கேட்கத் தெரியாமல் காசைக் கட்டினேன். சத்தம் நிற்கவில்லை. பிறகு இன்னொருவர் சின்ன றப்பர் புஷ் ஒன்றை மாற்றினார், நின்றது. இந்த அண்ணன் தம்பியோ முன்பு ஆலோசனை கேட்டவர்களையே திரும்ப நிகழ்ச்சிக்கு அழைத்து, "நாங்கள் சொன்னது சரியா, பிழையா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பார்கள். பிழை என்றால் அதற்கும் சிரிப்புத்தான். அப்படிச் சிரிக்கிற மனிதரிடம் எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கு என்ன வெட்கம்?

எங்களுக்கு வானொலி என்றால் செய்திதான். தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லை, பற்றரி கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். பெடல் சுற்றுவது என் வேலை. கை ஓய்ந்தால் குரல் இழுபட்டு மங்கிவிடும், பெரியவர்கள் "சுத்தடா" என்பார்கள். எங்கே ஷெல், எத்தனை பேர் என்று கேட்பதற்காகச் சுற்றிய சில்லு அது. அதே வானொலியில் எப்போதாவது கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைட்' போனால் வீடே வேறு வீடாகிவிடும். ஒரு பஸ் கொண்டக்டராக ஒற்றை மனிதர் நடித்துக் காட்டியது அது. அன்று நான் கை வலிக்கிறது என்று சொன்னதில்லை.

வாகனக் கதைக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா ஒஸ்ரின் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் சூப்பிப் போத்தலில் இருந்து காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் பீச்சி ஸ்ராட் எடுத்து, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் தட்டும் சத்தமுமாக, பரந்தன் முல்லைத்தீவு வீதியில் பிள்ளைத்தாச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார் அது. இந்தக் கதைகள் அந்தத் தலைமுறையோடு போகிறதே என்று எனக்கு உண்மையிலேயே கவலை.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். ஐந்து வருசமாகப் பழைய வாகனத்தையே ஒட்டுப்போட்டு ஓடிய ஊர் இது. 'கார் ரோக்' மாதிரி ஒரு வானொலி நிகழ்ச்சி எங்களுக்கும் வேண்டும்: கிளிநொச்சியில் இருந்து கிழமைக்கு ஒரு மணித்தியாலம், இரண்டு நல்ல மெக்கானிக்மார், ஒரு தொலைபேசி. லாண்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு மெஷின்காரரும் ஓட்டோக்காரரும் ஹைபிரிட் பற்றரிக்குப் பயப்படுகிற ரீச்சர்மாரும் எடுப்பார்கள். யாராவது தொடங்குங்கள். வானொலிக்காரர் யாரும் இதை வாசித்தால் இன்பொக்சுக்கு வாருங்கள், ஓடித்திரிகிற வேலையை நான் செய்கிறேன்.

நேற்றிரவு கேட்டுக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். ஆங்கிலம் அவருக்கு விளங்காது. ஒரு பெண் எடுத்து ஏதோ சொல்லிவிட்டு "கீஈஈஈய்ங்" என்று செய்து காட்டினார். அப்பா கண்ணைத் திறக்காமலே, "ஃபான் பெல்ற்" என்றார். கொஞ்ச நேரத்தில் ரேயும் அதையே சொன்னார்.